எந்த விளிம்பிலிருந்து அளப்பது?

பாம்பனில் கரையேற்றிய விசைப்படகு ஒன்றின் எஞ்சினைத் தாங்குவதற்கு ஓர் இரும்புப் பட்டை தேவைப்படுகிறது என்றும், அதன் வரைபடம் ராமநாதபுரத்தில் உள்ள ஒரு பட்டறைக்குப் போகிறது என்றும் கொள்வோம். வரைந்தவர் அங்கே உடன் இருக்கப் போவதில்லை; எனவே, துளையிடுபவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் அந்தத் தாளிலேயே விடை இருக்க வேண்டும்.

இதற்கான விதிகளை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கிறார்கள். பொருளின் விளிம்பையொட்டி மெல்லிய நீட்சிக் கோடுகளை வெளியே இழுத்து, அவற்றுக்கிடையே இரு முனையிலும் அம்புக்குறி கொண்ட அளவுக் கோட்டை வரைய வேண்டும்; அம்பின் நீளம் அதன் அகலத்தைப் போல மூன்று மடங்கு. எல்லா அளவும் மில்லிமீட்டரில் என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால், ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு வேண்டியதில்லை. ஓர் அளவை ஒரே ஒரு முறைதான் குறிக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுதிவிட்டு, பின்னொரு நாள் ஒன்றை மட்டும் திருத்தினால், எதை நம்புவது என்று பட்டறைக்காரர் திகைத்துப் போவார்.

இவையெல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். உண்மையில் கடினமானது, எங்கிருந்து அளப்பது என்று முடிவெடுப்பதுதான்.

நம் பட்டையில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் ஐந்து துளைகள் வேண்டும். இம்மியும் பிசகாமல் 100 மில்லிமீட்டரில் துளையிட எவராலும் இயலாது என்பதால், அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ வரைபடம் இடம் தருகிறது. இதற்கு டாலரன்ஸ் என்று பெயர். அளவுகளைச் சங்கிலி போல, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு என்று குறித்தால், நான்கு இடைவெளியிலும் அரை மில்லிமீட்டர் கூடிப்போகக்கூடும். அப்போது முதல் துளையிலிருந்து 400-இல் இருக்க வேண்டிய ஐந்தாம் துளை 402-இல் போய் நிற்கும். ஒவ்வோர் இடைவெளியும் விதிக்கு உட்பட்டதே. ஆனாலும் போல்ட் நுழையாது.

மாறாக, முதல் துளையையே டேட்டமாக, அதாவது எல்லா அளவுக்கும் பொதுவான தொடக்கமாகக் கொண்டு 100, 200, 300, 400 என்று குறித்தால், ஐந்தாம் துளை அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகாது. இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு துளை அரை மில்லிமீட்டர் முன்னும் அடுத்தது அரை மில்லிமீட்டர் பின்னும் தள்ளினால், அவ்விரண்டின் இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் பிசகு வந்துவிடும். அடுத்தடுத்த இரு துளைகளின் பொருத்தமே முக்கியம் என்றால் சங்கிலி முறைதான் சரி. ஆகவே, அந்தப் பட்டை எதன்மீது உட்காருகிறது, எதைத் தாங்குகிறது என்று அறியாத வரைவாளரால் அளவைச் சரியாகக் குறிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப்பகுதி 17 மீட்டர் மேலே எழும்புகிறது. அந்த 17, ரயில் ஓடும் நிலையிலிருந்து எழும்பும் தொலைவு. கீழே கடந்துபோகும் கப்பலின் பாய்மர உயரமோ நீர்மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. இறங்கிய நிலையில் தூக்குப்பகுதியின் அடிப்பாகம் நீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும், அந்த நீர்மட்டம் ஏற்றத்தில் எடுத்ததா வற்றத்தில் எடுத்ததா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், கப்பல் தட்டாமல் போகுமா என்று மாலுமியால் கணக்கிட முடியும்.