பெர்பெத்துவெல்: தன்முறுக்குக் கடிகாரம்

சாவி கொடுக்கத் தேவையில்லாமல், சட்டைப்பையில் கிடந்தபடி, ஆள் நடக்கிற அசைவிலேயே முறுக்கேறிக்கொள்ளும் பாக்கெட் கடிகாரத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பெர்பெத்துவெல்'. ரோலெக்ஸ் முகப்பில் இன்றும் இருக்கிற 'பெர்பெச்சுவல்' இதன் ஆங்கில உறவு.

வேர் லத்தீன். 'பெர்பெத்துவுஸ்' என்றால் இடையறாத, விட்டுப்போகாமல் தொடர்கிற என்று பொருள். கடிகாரத்தைக் குறிக்கும் 'மோந்த்ர்' பிரெஞ்சில் பெண்பால் என்பதால் அடைமொழியும் பெண்பால் ஈறு பெற்றுப் 'பெர்பெத்துவெல்' ஆனது. கேட்டால், என்றைக்கும் நிற்காத கடிகாரம் என்று தோன்றும். அதெல்லாம் இல்லை. கழற்றி மேசையில் வைத்தால், உள்ளே சேர்ந்திருக்கும் முறுக்கு தீர்ந்ததும் மற்ற கடிகாரங்களைப் போல இதுவும் நின்றுவிடும். பெயரில் கொஞ்சம் விற்பனைத் தந்திரம் கலந்திருக்கிறது.

முதலில் செய்தவர் யார் என்பதில் இன்னும் சண்டைதான். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊர்க் கடிகாரக்காரர் ஆபிரகாம்-லூயி பெர்லே என்பது பழைய பதில். அறிவியலாளர் ஒராஸ்-பெனெதிக்த் த சொசூர் 1777இல் அவரைப் பார்த்துவிட்டு எழுதியது இதற்குச் சான்று: 15 நிமிடம் நடந்தால் 8 நாள் ஓடுமாம். ஆனால் உள்ளே எந்த அமைப்பு இருந்தது என்பதற்கு வரைபடம் இல்லை. இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக் கடிகாரக்காரர் உபேர் சார்த்தோன் 1778இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய கடிகாரத்துக்கோ வரைபடத்தோடு அறிக்கையே இருக்கிறது. நடு அச்சில் முழு வட்டமாகச் சுழலும் எடையை, அதாவது இன்றைய ரோட்டாரை, அதில் பார்க்கலாம். ரோட்டாரைப் பொறுத்தவரை காகிதச் சான்று வைத்திருக்கும் சார்த்தோன் பக்கமே எனக்குச் சாய்வு.

இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் வேறொருவர்: பாரிஸில் கடை வைத்திருந்த ஆபிரகாம்-லூயி ப்ரெகே. அவருடைய அமைப்பில் சுழலும் ரோட்டார் கிடையாது. ஓரத்தில் அச்சு கொண்ட ஒரு பிளாட்டின எடை, மெல்லிய ஸ்பிரிங் தாங்க, ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மேலும் கீழும் துள்ளும். சின்ன இடத்தில் அதிகக் கனம் வேண்டும் என்பதால்தான் பிளாட்டினம்; அது தங்கத்தைவிட அடர்த்தி. அந்தத் துள்ளல் பற்சக்கரங்கள் வழியாக, கடிகாரத்தை ஓட்டும் ஸ்பிரிங் அடங்கிய இரண்டு உருளைகளை முறுக்கும். முறுக்கு முழுதாக ஏறியதும் ஒரு நெம்பு எடையைப் பூட்டிவிடும். இல்லாவிட்டால், நன்றாக நடக்கிற ஆளின் பையில் ஸ்பிரிங் அறுந்துபோகும்.

அவ்வளவு வேலைப்பாடு இருந்தும் இது பரவவில்லை. செய்வது கடினம், விலை எக்கச்சக்கம், அப்புறம் பைக்குள் கடிகாரம் அசைவது கொஞ்சம்தான். 1840களில் பிரெஞ்சுக் கடிகாரக்காரர் அத்ரியான் ஃபிலிப் தலைத்திருகால், அதாவது கடிகாரத்தின் விளிம்பில் நீட்டியிருக்கும் சிறு திருகால், முறுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தனிச் சாவியைத் தேடும் தொல்லையும் போனது. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிய பிறகுதான் இந்த யோசனைக்கு மறுவாழ்வு: 1920களில் ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஜான் ஹார்வுடின் தன்முறுக்குக் கைக்கடிகாரம், 1931இல் ரோலெக்ஸின் முழு வட்ட ரோட்டார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தானியங்கிக் கடிகாரம்' என்று எழுதுகிறார்கள். அது 'ஆட்டோமேட்டிக்' என்பதன் மொழிபெயர்ப்பு, ஆனால் இங்கே பொருந்தவில்லை. சாவி கொடுத்த கடிகாரமும் தானாகத்தானே இயங்குகிறது! இங்கே தானாக நடப்பது முறுக்கேறுவது மட்டும். ஆகவே 'தன்முறுக்குக் கடிகாரம்' என்பதே சரி. தன்வினை, தன்வரலாறு போல 'தன்' முன்னால் நிற்கும். முறுக்கு என்றதும் தின்பண்டம் நினைவுக்கு வந்தாலும் தப்பில்லை, அதுவும் முறுக்கியதால் வந்த பெயர்தான். பேச்சில் 'சாவி கொடுக்க வேண்டாத வாட்ச்' என்றால் எல்லோருக்கும் புரியும். சாவி ஒழிந்து இத்தனை காலமாகியும் தலைத்திருகைத் திருகுவதை நாம் 'சாவி கொடுப்பது' என்றுதானே சொல்கிறோம்.

'பெர்பெத்துவெல்' என்பதை 'நிரந்தர' என்று மட்டும் பெயர்க்க வேண்டாம். மாத நாட்களையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் நாட்காட்டி அமைப்புக்கும் 'பெர்பெச்சுவல்' என்ற அடைமொழி உண்டு. 'நிரந்தர நாட்காட்டி' என்பது அதற்குத்தான் பொருத்தம். பிரெஞ்சு அரசி மேரி ஆந்த்வானெத்துக்காக 1783இல் ப்ரெகேயிடம் சொல்லிவைத்து, அரசியும் ப்ரெகேயும் இறந்தபின் 1827இல் முடிந்த 160ஆம் எண் கடிகாரத்தில் இரண்டுமே இருக்கின்றன. அதைப் பற்றி எழுதும்போது தன்முறுக்கு, நிரந்தர நாட்காட்டி என்று பிரித்துச் சொல்லாவிட்டால் படிப்பவர் குழம்பிவிடுவார்.