சோளத்துக்கு நடுவுல உளுந்து போட்டிருக்கீங்களா? அடங்கல்ல ரெண்டும் ஏறுச்சான்னு பாருங்க

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டுல புரட்டாசில விதைக்கிறவங்க நெறைய பேரு சோளத்தோட உளுந்தோ தட்டப்பயறோ சேத்து போடுறாங்க. சோளத்த 30 செ.மீ இடைவெளில ரெண்டு ரெண்டு வரிசையா போட்டு, ஜோடிக்கு ஜோடி 60 செ.மீ விட்டு அந்த சந்துல ஒரு வரிசை பயறு. உளுந்து 65-70 நாள்ல கைக்கு வந்துரும், சோளம் அறுப்புக்கு வர 100 நாள ஒட்டி ஆகும், கடைசி மழை ஏமாத்துனாலும் ஒண்ணாவது தேறும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அரசாங்கத்துட்ட இருந்து வரவேண்டியது வருமா வராதான்னு முடிவு பண்றது அடங்கல், அத யாரும் கண்டுக்குறதே இல்ல.

அடங்கல்னா கிராம கணக்கு எண் 2. எந்த சர்வே நம்பர்ல என்ன பயிரு எவ்வளவு பரப்புன்னு பசலிக்கு பசலி (அதாவது வருவாய்த்துறை வருஷக் கணக்குல) வி.ஏ.ஓ எழுதுறது, பசலி ஜூலை 1ல ஆரம்பிக்கும். வரப்புல நின்னு பாத்தா ஆள் ஒசரத்துக்கு சோளம்தான் தெரியும், கீழ கெடக்குற உளுந்து தெரியாது, லேட்டா வந்தா உளுந்த பிடுங்கியே முடிச்சிருப்போம், அப்புறம் "சோளம்"னு மட்டும் ஏறிரும். அதனால உளுந்து பூத்து காய் பிடிக்கிற நேரத்துலயே வி.ஏ.ஓவ காட்டுக்குள்ள கூட்டிட்டு போயி காட்டி, ரெண்டு பயிரையும் எழுதச் சொல்லுங்க. இப்ப மொபைல் ஆப்ல டிஜிட்டல் பயிர் சர்வேயும் நடக்குது, அதுக்கு வர்ற ஆளுங்ககிட்டயும் இதே பேச்சுதான்.

உளுந்து பதிவாகலன்னா முதல் அடி விக்கும்போது விழும். 2025-26 சீசனுக்கு உளுந்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபா. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல நாஃபெட் (ஆதரவு விலைக்கு வாங்குற மத்திய கூட்டுறவு அமைப்பு) கொள்முதல் தொறக்கும்போது சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் கேப்பாங்க. அடங்கல்ல உளுந்தே இல்லாம மூட்டைய கொண்டு போனா அது நம்ம காட்டுல வெளஞ்சதுன்னு எப்படி நிரூபிக்கிறது, கடைசில கமிஷன் கடைக்காரர் சொல்ற ரேட்டுக்குத்தான் போடணும். இன்னொண்ணு, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, களத்துல நல்லா காயப் போட்டு தூத்தி எடுத்துட்டு போங்க.

அடுத்தது பயிர் காப்பீடு. ராபி பருவ (புரட்டாசி விதைப்பு இதுலதான் வரும்) உணவுப் பயிருக்கு இன்சூர் தொகையில 1.5 சதவீதம்தான் நம்ம பங்கு, ஏக்கருக்கு 15,000 ரூபான்னு வச்சுக்குவோம், அப்ப 225 ரூபா, மிச்ச பிரீமியம் மத்திய மாநில அரசுங்க கட்டுது. 2020ல இருந்து கடன் வாங்குனவங்களுக்கும் இது கட்டாயம் இல்ல, அதனால தானா பிடிச்சிருப்பாங்கன்னு நம்பிட்டு இருக்காதீங்க. உங்க ஊருக்கு சோளம், உளுந்து இதுல எது அறிவிக்கப்பட்ட பயிருன்னு வேளாண் விரிவாக்க மையத்துல கேளுங்க, அறிவிக்காத பயிருக்கு இன்சூரன்ஸ் கெடையாது. ரெண்டும் இருந்தாலும் ரெண்டு ஏக்கர் காட்டுக்கு சோளம் ரெண்டு, உளுந்து ரெண்டுன்னு நாலு ஏக்கரா பதிஞ்சீங்கன்னா ரிஜெக்ட் ஆகும், பரப்ப பிரிச்சுத்தான் போடணும். கடைசி தேதி பயிருக்கு பயிரு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

இழப்பீடு நம்ம ஒருத்தர் காட்ட மட்டும் பாத்து வராது, கிராமம் இல்லன்னா பிர்கா (சில கிராமங்க சேந்த வட்டாரம்) அளவுல பயிர் அறுவடை சோதனை, அதாவது சில வயல்ல மாதிரிக்கு அறுத்து எடை போட்டு பாக்குறது, அத வச்சு சராசரி மகசூல் எறங்குனாத்தான் வரும். அடுத்த காட்டுக்காரருக்கு வெளஞ்சு நமக்கு மட்டும் போச்சுன்னா கெடைக்காமப் போறது வேதனைதான், ஆனா விதி அப்படி இருக்கு. ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குறது மாதிரி நம்ம வயல மட்டும் தாக்குன சேதம்னா 72 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்கோ பேங்குக்கோ வேளாண்மை ஆபீஸுக்கோ தெரிவிக்கணும், போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க.

விதைக்கு முந்தியே விரிவாக்க மையத்துக்குப் போனா பயறு விதை மானியத்துல கெடைக்குதான்னு கேட்டுக்கலாம், வம்பன் 8 மாதிரி மஞ்சள் நோய தாங்குற ரகம் இருந்தா அதையே வாங்குங்க. கூடவே ரைசோபியம் (பயறு வேருல தழைச்சத்து சேக்குற நுண்ணுயிர் உரம்) வாங்கி உளுந்து விதைல கலந்து, நெழல்ல உலத்தி விதைங்க.