"கடைசிப் பனி" எந்தப் பனி?

போன மார்கழியில் தேவிபட்டினத்துச் சித்தி ஒரு தண்டுக்கீரை விதைப் பொட்டலத்தைக் காட்டினார். பின்பக்கம் தமிழில், 'கடைசிப் பனி நாள் கடந்தபின் விதைக்கவும்' என்று அச்சடித்திருந்தது. "பனி நிக்கட்டும்னு போட்டுருக்கான், மாசி கழியட்டும்" என்று அதைப் பரணில் போட்டுவிட்டார். பங்குனியில் விதைத்தபோது கிணற்றுத் தண்ணீர் உவர்த்திருந்தது. இரண்டு இலை விட்ட நாற்று ஓரம் கருகிச் சாய்ந்தது. பாத்தி மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. சித்தி மேல் ஒரு பிழையும் இல்லை. தமிழில் இருந்ததைத் தமிழாகவே படித்தார்.

அந்த வரியின் ஆங்கில மூலச்சொல் ஃப்ராஸ்ட் டேட். உறைதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது ஃப்ராஸ்ட். குளிர்நாடுகளில் பல ஆண்டுப் பதிவுகளின் சராசரியை வைத்து, வசந்தத்தில் அது கடைசியாகப் படியும் நாளையும் இலையுதிர்காலத்தில் முதலில் படியும் நாளையும் கணித்துச் சொல்வார்கள். அங்கே ஸ்பினாச் போன்ற கீரையைக் கடைசி நாளுக்குச் சில வாரம் முன்பே விதைக்கலாம், அது தாங்கும். தண்டுக்கீரை தாங்காது. அதனால்தான் 'கடந்தபின்' என்ற எச்சரிக்கை.

இதைப் 'பனி நாள்' என்று பெயர்ப்பதோடுதான் என் சண்டை. நம் பனி நடுக்கத்தையும் ஈரத்தையும் சொல்லும் சொல். கண் பனித்தது என்போம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று வளர்ந்தவருக்குப் பனி என்றால் துண்டைத் தலையில் கட்ட வைக்கும் பனிதான். அது நீராகவே படியும், இலையைக் கொல்லாது. சூழலை வைத்து விளங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் அப்படிப் பெயர்ப்பவர்கள். எந்தச் சூழலை? பாம்பனில் தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும். இந்தக் கரையில் நிற்பவர் எதைப் பார்த்து ஃப்ராஸ்ட்டை விளங்கிக்கொள்வது?

'பனிப்பொழிவு நாள்' இன்னும் மோசம். பொழிவது மேகத்திலிருந்து வரும் வெண்பனி. ஃப்ராஸ்ட் வானத்திலிருந்து விழுவதில்லை, தெளிந்த இரவில் காற்றின் ஈரம் இலை மேலேயே உறைந்து படிவது. இதற்கு உறைபனி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஊட்டிச் செய்தியில் ஆண்டுதோறும் வருகிறது. பாலுக்கு உறை ஊற்றுகிற எவருக்கும் 'உறை' என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூடுபனி, வெண்பனி, உறைபனி, பனித்துளி என்று பிரித்து வைத்திருக்கும் மொழியில், மொழிபெயர்ப்பவர் நான்கையும் பனி என்ற ஒரே சாக்கில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

'உறைபனி ஓயும் நாள்', 'உறைபனி தொடங்கும் நாள்' என்றே எழுதலாம். கணித்த சராசரியைத்தான் சொல்கிறோம், அதற்குப் பிறகும் ஓரிரவு உறையக்கூடும் என்று ஒரு வரி சேர்த்தால் முழுமை.

சொல் சரியானாலும், ராமநாதபுரத்துக்கு விற்கும் பொட்டலத்தில் அந்த வரிக்கே வேலை இல்லை. இங்கே கீரைக்கு இரண்டு எல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்று அழுகும்; பங்குனி வெயிலில் கிணறு உவர்க்கும். நடுவில் ஈரம் காயாத மார்கழியும் தையும்தான் காலம். சிறுகீரையை விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். 'அடைமழை ஓய்ந்ததும், தண்ணீர் உவர்க்குமுன் விதைக்கவும்' என்று அச்சடித்திருந்தால், சித்தி அந்தப் பொட்டலத்தை மார்கழியிலேயே பிரித்திருப்பார்.