எலி ஓடிய பிறகு என்ன நடந்தது?

தூக்கம் சரியில்லை என்று ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவரை அவர் மனைவி என்னிடம் அழைத்து வந்தார். உட்கார்ந்ததுமே அவர், எல்லைக் காவல்சாவடியில் எலி ஒன்று ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை ஆரம்பித்துவிட்டார். எலியாகவும் ஹவில்தாராகவும் மாறி மாறி நடித்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவ்வளவு கலகலப்பானவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று லேசான மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கதவருகில் மனைவி தயங்கி நின்றார். "தீபாவளி ராத்திரி இவர் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறார், டாக்டர்." சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மனநல மருத்துவனான எனக்கு முதல் உலகப்போரின் மேடைச் சிரிப்பு பல ஆண்டுகளாகப் பிடித்த விஷயம். அதைப் படித்தவனே ஏமாந்ததுதான் வெட்கம். கனடாவின் மூன்றாம் டிவிஷன் வீரர்கள் 1917இல் 'டம்பெல்ஸ்' என்ற குழு அமைத்து, போர்முனைக்குப் பின்னாலேயே நாடகம் போட்டார்கள். பெண் வேடமும் வீரர்களே. பதுங்குகுழிக் கேலிக்குப் பேன், சேறு, எலி, தினமும் வந்த பிளம்-ஆப்பிள் ஜாம் எல்லாம் சரக்கு.

பீரங்கிக் குண்டு விழுந்த குழிக்குள் முணுமுணுக்கும் மீசைக்காரச் சிப்பாயைக் கேலிச்சித்திரமாக வரைந்தவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர். அந்தச் சிப்பாய் 1917இல் லண்டன் மேடையேறி, 800 காட்சிகளுக்கும் மேல் ஓடினார். வரைந்தவரோ 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே நடந்த போரில் அருகே குண்டு வெடித்து, செவிப் பாதிப்போடும் அதிர்ச்சியோடும் மருத்துவமனையில் கிடந்தவர். அவருடைய மிகப் புகழ்பெற்ற குழிச் சித்திரம் வெளியானது அதற்குப் பிறகுதான். அதே 1915இல்தான் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ், போர்முனை வீரர்களின் மனப் பாதிப்புக்கு 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரை மருத்துவ இதழில் அச்சேற்றினார்.

சிரிப்பைக் குறை சொல்லவில்லை. அது அவர்களைத் தாங்கியது. ஆனால் கை நடுங்கும் சிப்பாயைக் கோழையாக்கிச் சிரிக்கவைக்கும் கல்லூரி விழா நாடகங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் சுட்டுக்கொன்ற தன் படை வீரர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலர் நோயாளிகள் என்பதே பிற்கால மருத்துவர்களின் கருத்து.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் கெட்ட கனவுகள், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, சில இடங்களையும் பேச்சுகளையும் தவிர்ப்பது, மது கூடுவது. "ஆர்மிக்காரர், தாங்குவார்" என்று விட்டுவிடாதீர்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. கட்டாயப்படுத்திப் பேசவைக்க வேண்டாம்.

இப்போதெல்லாம் வேடிக்கைக் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிறேன். அந்த ஓய்வுபெற்ற வீரரின் கதை மூன்று முறையும் எலி வளைக்குள் நுழைந்ததோடு முடிந்தது. நான்காம் முறை, "எலி போய்விட்டது. அப்புறம்?" என்று கேட்டேன். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, அந்த ஹவில்தாரின் பெயரை முதன்முறையாகச் சொன்னார்.