ஒரு பைட், நாலாயிரம் முகவரி

"டாஸுக்கு இன்று சி நிரல் எழுத இலவச கம்பைலர் கிடைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகக் கிடைக்கும். (டாஸ், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்; கம்பைலர், நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்.) என் முதல் சிபாரிசு ஓப்பன் வாட்காம். கனடாவின் வாட்டர்லூவில் பிறந்து, காசுக்கு விற்றுக்கொண்டிருந்த கம்பைலர். 2003-இல் மூல நிரலோடு (அதை எழுதியவர்களின் நிரல் வரிகளோடு) 1.0 பதிப்பாக வெளிவந்தது. இன்றைய விண்டோஸிலோ லினக்ஸிலோ இருந்தபடியே டாஸுக்கும் விண்டோஸ் 3.1-க்கும் 16 பிட் நிரல்களை உருவாக்கித் தரும். ஓட்டிப் பார்க்க, இன்றைய கணினிக்குள் டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். நம் கல்லூரி லேப்களில் பலரும் பழகிய டர்போ சி-யின் பழைய பதிப்புகளையும் அதை உருவாக்கிய போர்லாண்ட் நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. ஆனால் மூல நிரல் இல்லாததால் அதில் பிழை இருந்தால் யாரும் கைவைக்க முடியாது. ஒரு நிறுவனம் விற்பனையை நிறுத்தும் நாளிலேயே மூலத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இதற்கென்று தனி கம்பைலர் எதற்கு? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இருக்கிறது.

1978-இல் வந்த இன்டெல் 8086 செயலியின் ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்கள்) 16 பிட். ஒரு ரெஜிஸ்டரால் நினைவகத்தில் 65,536 பைட்டுகளைத்தான் சுட்ட முடியும். முகவரிக் கம்பிகளோ 20. அதாவது 10,48,576 பைட்டுகள். இந்த இடைவெளியைத் தாண்ட இரண்டு எண்களைச் சேர்த்தார்கள்: செக்மென்ட், ஆஃப்செட். செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் முகவரி. பதினாறை அடியாகக் கொண்டு எண்களை எழுதும் பதினறும முறையில் 16-ஆல் பெருக்குவதென்றால் கடைசியில் ஒரு பூஜ்யம் போடுவதுதான். 1234:0005 என்பது 12340 + 5 = 12345. இப்போது 1230:0045-ஐப் போட்டுப் பாருங்கள். 12300 + 45. அதே 12345! ஒரே பைட்டுக்கு இப்படி 4,096 முகவரிகள் வரை இருக்கலாம். இரண்டு சுட்டிகள் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) வேறு வேறாகத் தெரிந்தும் ஒரே இடத்தைக் காட்டும்.

இதையெல்லாம் கம்பைலர்தான் சமாளிக்க வேண்டும். செக்மென்ட்டுக்குள்ளேயே சுற்றினால் 2 பைட் "நியர்" சுட்டி, வெளியே போனால் 4 பைட் "ஃபார்" சுட்டி. மாணவனாக இருந்தபோது 200-க்கு 200 அணி (அரே) ஒன்றை அறிவித்தேன். 40,000 முழு எண்கள், ஆளுக்கு 2 பைட், ஆக 80,000. "அரே சைஸ் டூ லார்ஜ்" என்று கம்பைலர் மறுத்துவிட்டது. ஒரு செக்மென்ட்டுக்குள் அடங்கவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை. ஓப்பன் வாட்காமில் அதே அறிவிப்பில் "ஹியூஜ்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், செக்மென்ட் மாறும் இடத்தை அதுவே கணக்குப் போட்டுக் கடந்துவிடுகிறது.