மெருகு, காப்பு, மெழுகு: காருக்குப் பூசும் 'வக்ஸ்' எது?

யாழ்ப்பாணத்தில் காருக்கு மினுக்கத்துக்காக எதைப் பூசினாலும் அதற்கு ஒரே பேர்தான், வக்ஸ். பொலிஷும் வக்ஸ், சீலன்றும் வக்ஸ், உண்மையான வக்ஸும் வக்ஸ். மூன்றும் மூன்று வேலை செய்பவை, ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டியவை. பேர் குழம்பினால் வரிசையும் குழம்பும், பூசிய காசும் வீண்.

வக்ஸ் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் தேன்மெழுகைத்தான் குறித்தது. அதற்குத் தமிழ் மெழுகு. இங்கே நாங்கள் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் 'தழலது கண்ட மெழுகது போல' என்று உருகுகிற பொருளாக அதைச் சொன்னார். அதற்கும் முன்னமே அப்பர் 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு' என்று பாடியது கோயில் தரையைச் சாணத்தால் மெழுகுவதை. பொருளின் பேரும் பூசுகிற செயலும் ஒரே சொல்லில் இருப்பதால் காருக்கு 'மெழுகுதல்' என்று துணிந்து எழுதலாம்.

காருக்குப் பேர்போன மெழுகு கர்னோபா. அதைத் தருவது பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி பக்கங்களில் வளரும் ஒரு பனை இனம், எங்கள் பனையைப் போலவே விசிறி ஓலை. வறட்சியில் நீர் போய்விடாமலிருக்க ஓலையின் மேல் மெழுகு படியும், ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்து அதை எடுப்பார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும், கர்னோபாவுக்கு 82 தாண்ட வேண்டும்.

சீலன்ற் இயற்கை மெழுகு அல்ல, ஆய்வுகூடத்தில் செய்த பொலிமர். இந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் முத்திரையைக் குறித்த சிகில்லும். ஆனாலும் இதை 'முத்திரைப்பூச்சு' என்று பெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது. வாகனத்தில் இது செய்வது காவல், ஆகவே காப்புப்பூச்சு என்பதே என் தெரிவு. நூலுக்குக் காப்புச் செய்யுள் முதலில் வருவது போல இங்கேயும் காப்பு முந்தி, மெழுகு பிந்தி.

ஏன் அந்த வரிசை? காப்புப்பூச்சு பெயின்ற்றின் மேலுள்ள தெளிபூச்சை, அதாவது கிளியர் கோற்றை, நேரே பற்றிப் பிடித்து இறுக வேண்டும், எண்ணெய்த்தன்மையான மெழுகு இடையில் கிடந்தால் பிடி கிடைக்காது. அது இறுகவும் நேரம் வேண்டும். ரின்னில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள், பலவற்றுக்கு 12 முதல் 24 மணித்தியாலம், அதற்குள் நனையவும் கூடாது. அவசரப்பட்டு அன்றைக்கே மேலே மெழுகினால் மெழுகிலுள்ள கரைப்பான் இறுகாத காப்பைக் குழப்பிவிடும். சரியாகச் செய்தால் அடியில் காப்பு மாதக்கணக்கில் நிற்கும், மேலே மெழுகு சில வாரங்களில் தேய்ந்து போகும். தேய்ந்தால் அதை மட்டும் திரும்பப் போடலாம்.

சரி, பெயின்ற் தெளிவாகத் தெரிவது எதனால்? நுண்ணிய கீறல்களில் பட்டு ஒளி சிதறினால் நிறம் மங்கும். மெல்லிய மெழுகுப் படலம் அந்தக் கீறல்களை ஓரளவு நிரப்பி மேற்பரப்பைச் சமப்படுத்துவதால் நிறம் ஆழமாய், நனைந்ததுபோலத் தெரியும். கறுப்பு, கடுஞ்சிவப்புக் கார்களில் இது கண்ணுக்கு நன்றாகப் படும். வெள்ளைக் காருக்கு, என் கருத்தில், காப்பு மட்டுமே போதும்.

சற்று ஆழமான கீறல் மெழுகால் போகாது, அதற்குப் பொலிஷ் வேண்டும். பொலிஷுக்குத் தமிழ் மெருகு, மெழுகு அல்ல. ஓரெழுத்து வித்தியாசம்தான், செயலோ நேர் எதிர்: மெருகு தெளிபூச்சைச் சிறிது அராவி எடுக்கும், மெழுகு அதன்மேல் ஏறும். ஆகவே கழுவி, மெருகிட்டு, எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்து, காப்பிட்டு, கடைசியில் மெழுக வேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே துடையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்து அவற்றுக்கு மேலேயே பூசுவீர்கள்.

கடையில் 'கிளீனர் வக்ஸ்' என்று ஒன்று விற்கிறார்கள். பேர் மெழுகு, வேலையில் பாதி மெருகு. அதில் அழுக்கை அறுத்தெடுக்கும் கரைப்பானோ அராவும் பொடியோ இருக்கும், காப்புக்கு மேலே போட்டால் காப்பையும் சேர்த்தே எடுத்துவிடும். மேலே பூச வாங்குவதென்றால் 'கிளீனர்' என்ற சொல் இல்லாத ரின்னைக் கேட்டு வாங்குங்கள்.