மண்ணுக்கு ஒரு கார், கம்பளத்துக்கு ஒரு கார்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மகனுக்குப் பதினான்கு வயது. ரேடியோவில் இயங்கும் பந்தய பகி (மேடு பள்ளத்தில் ஓடும் சின்னக் கார்) ஒன்றைப் போன ஆண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். குளிர்காலம் முழுக்க அவன் அதைப் பள்ளிக்கூட ஹாலில் விரித்த கார்பெட்டில் ஓட்டியிருக்கிறான். இப்போது மண் தளத்தில் ஓட்ட வேண்டும், அதற்கு வேறு கார் வேண்டும் என்கிறானாம். "பெயர் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. இது உண்மையான தேவையா, இல்லை கம்பெனிக்காரர்கள் பணம் பிடுங்கும் வழியா?"

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதல் பாதி இயற்பியல். அதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பேசப்படுவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் மின்சார பகி. எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அகலம் 250 மி.மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பந்தய விதி. இந்த வகைக்கு முதல் உலகப் போட்டி 1985இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்தது. அந்தக் காலத்தில் தளம் என்றாலே மண்தான். புழுதி பறக்கும், காரும் வழுக்கும். 1984இல் வந்து பெரும்புகழ் பெற்ற அசோசியேட்டட் கம்பெனியின் ஆர்சி10 காரில் மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். வழுக்கும் தரையில் பின் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க அதுதான் நல்ல வழி.

அப்புறம் தரை மாறியது. அமெரிக்காவில் கூரை போட்ட கட்டடங்களுக்குள் களிமண்ணைக் கெட்டித்து, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஓட ஓட அதில் டயர் ரப்பர் படிந்து, சிமெண்டுத் தரை போல் பளபளவென்று ஆகிவிடும். மழை விடாத இங்கிலாந்தில் செயற்கைப் புல் வந்தது. குளிர்காலத்துக்கு ஹாலுக்குள் கார்பெட். மண்ணில் கிடைக்கும் பிடிமானத்தோடு ஒப்பிட்டால் கார்பெட் வேறு உலகம்.

ஏன் வேறு உலகம்? பள்ளியில் நாம் படித்த உராய்வு விதி ரப்பருக்குச் சரியாகப் பொருந்தாது. உராய்வு எண் (பிடிமான விசையைத் தரையை அழுத்தும் எடையால் வகுத்தால் வருவது) எப்போதும் ஒன்றுக்குக் கீழேதான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு விதி கிடையாது. ரப்பர் இரண்டு வழிகளில் தரையைப் பிடிக்கிறது. வழவழப்பான தரையில் மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்கிறது. சொரசொரப்பான தரையில் ஒவ்வொரு மேட்டிலும் அமுங்கி எழும்போது உள்ளுக்குள்ளேயே ஆற்றலை இழக்கிறது, அந்த இழப்பு வேகத்தைத் தடுக்கும் விசையாக வெளிப்படுகிறது. இந்த இரண்டையும் 1963இல் பிரித்துக் காட்டியவர் குரோஷ் என்ற ஆய்வாளர். ரப்பர் துண்டைக் கண்ணாடியிலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பிலும் பல வேகங்களில், பல வெப்பநிலைகளில் இழுத்துப் பார்த்து அளந்தார். பளபளப்பான களிமண்ணில் பூ வேலை இல்லாத மொட்டை டயர் ஓடுவது முதல் வழியால். கார்பெட்டில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. டயர் முழுக்கக் குட்டி ரப்பர் ஊசிகள் இருக்கும். அவை நூல்களுக்கு நடுவே இறங்கி, சீப்பு தலைமுடியில் மாட்டுவது போல் மாட்டிக்கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரப்பர் எப்படி வழுக்குகிறது என்பதில் 1971இல் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் ஷல்லமாக். மென்மையான ரப்பர் வழுக்கும்போது முழுதாக நகர்வதில்லை, கம்பளத்தில் மடிப்பு ஓடுவது போல் அதன் பரப்பில் சின்னச் சின்ன அலைகள் ஓடுகின்றன என்று காட்டினார். அவர் வேலை பார்த்தது இங்கிலாந்தில், இயற்கை ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வு நிலையத்தில். அதை நடத்திய பணத்தில் பெரும்பங்கு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் பால்வெட்டியவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை எத்தனை. அவர்கள் உழைப்பில் வந்த காசில் "ரப்பர் எப்படி வழுக்குகிறது" என்ற, உடனே லாபம் தராத கேள்விக்கு வருடக்கணக்கில் விடை தேட இடம் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் "இதனால் மூன்று வருடத்தில் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அன்று கேட்டிருந்தால் இந்த அறிவு இவ்வளவு ஆழமாக வளர்ந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, காருக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

நண்பர் ஒருவரின் பகியை அவர் வீட்டுச் சமையலறையில் இரண்டு எடைத் தராசுகளின் மேல் நிறுத்தினோம். முன் சக்கரங்கள் ஒன்றில், பின் சக்கரங்கள் மற்றொன்றில். கார் அசையாமல் நிற்கிறது, இரண்டு எண்களும் அப்படியே நிற்கின்றன. வாலைப் பிடித்து லேசாகத் தூக்கினால் பின்னால் குறைந்து முன்னால் ஏறுகிறது. ஓடும் காரில் வேகம் கூட்டும்போதெல்லாம் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. யாரும் தொடாமலேயே முன் தராசிலிருந்து பின் தராசுக்கு எடை ஓடுகிறது. பேருந்து கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதே கதை.

எவ்வளவு ஓடும்? கணக்குப் போட ஏதுவாக முழு எண்களை எடுத்துக்கொள்வோம். கார் 1500 கிராம். முன், பின் அச்சுகளுக்கு நடுவே 280 மி.மீ. நிறை மையம் தரையிலிருந்து 40 மி.மீ உயரத்தில். உயரத்தை நீளத்தால் வகுத்தால் ஏழில் ஒன்று. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான முடுக்கத்தில் கார் பாய்ந்தால், எடையில் ஏழில் ஒரு பங்கு, 214 கிராம், முன்னிருந்து பின்னுக்கு மாறும்.

இதில் ஒரு சுழற்சி இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் எடை ஏறினால் பின் டயருக்குப் பிடிமானம் கூடும். பிடிமானம் கூடினால் முடுக்கம் கூடும். முடுக்கம் கூடினால் இன்னும் எடை ஏறும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சங்கதி. எங்கே போய் நிற்கும் என்பதைத் தரையின் உராய்வு எண்தான் தீர்மானிக்கிறது.

இப்போது இரண்டு கார்கள். ஒன்றில் மோட்டார் பின் அச்சுக்கு 40 மி.மீ முன்னால், மற்றொன்றில் 40 மி.மீ பின்னால். மோட்டார் சுமார் 170 கிராம். அதை 80 மி.மீ நகர்த்தினால் பின் சக்கரங்களில் 49 கிராம் கூடும். காலியான இடத்தில் 200 கிராம் பேட்டரியையும் 50 மி.மீ பின்னுக்குத் தள்ளினால் இன்னொரு 36. ஆக மோட்டார் நடுவில் உள்ள காருக்குப் பின்னால் 900 கிராம் என்றால், மோட்டார் பின்னால் உள்ள காருக்கு 985.

புழுதி மண்ணில் உராய்வு எண் 0.6 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுழற்சிக் கணக்கைப் போட்டால் நடு மோட்டார் கார் ஈர்ப்பு முடுக்கத்தில் 0.39 பங்கு வேகம் கூட்டும், பின் மோட்டார் கார் 0.43. கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் அதிகம். ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியேறும்போதும் இந்த ஒன்பது சதவீதம் கிடைத்தால் பந்தயம் கையில்.

அதே கார்களைக் கார்பெட்டில் விடுங்கள். உராய்வு எண் 2 என்று கொள்வோம், மோட்டாருக்கும் அதற்கேற்ற சக்தி இருக்கட்டும். நடு மோட்டார் கார் முழு முடுக்கத்தில் பாயும்போது பின்னால் 1260 கிராம் ஏறிவிடும், முன்னால் மிச்சம் 240. பின் மோட்டார் காரில் பின்னால் 1379, முன்னால் வெறும் 121. சரியாகப் பாதி. ஸ்டியரிங் இருப்பது முன் சக்கரத்தில். அதன் மேல் எடை இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். மண்ணில் வெற்றி தந்த அதே 85 கிராம், கார்பெட்டில் காரைச் சுவரில் கொண்டுபோய் மோதவைக்கிறது. எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை, இடத்தை மட்டுமே மாற்றினோம். எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

பக்கவாட்டிலும் இதே கணக்கு உண்டு. கார்பெட் பந்தயம் ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது, வளைவில் மோதாமல், தடுக்காமல், தானாகவே ஒரு கார் குப்புறக் கவிழ்ந்தது. வளைவருகே நின்ற பையன் ஓடிவந்து நிமிர்த்திவிட்டான். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடியும். 'ட்ராக்‌ஷன் ரோல்' என்கிறார்கள். பிடிமானம் கூடிப்போனதால் வந்த வினை. மண்ணில் வளைவு விசை கூடினால் டயர் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். கார்பெட்டில் டயர் விடுவதில்லை, மேல் பாகம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

எந்த விசையில் கவிழும் என்பது இரண்டே அளவுகளில் அடங்கும். இடது, வலது டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையில் சுமார் 210 மி.மீ, அதில் பாதி 105. அதை நிறை மையத்தின் உயரமான 40ஆல் வகுத்தால் 2.6. பக்கவாட்டு முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தின் 2.6 மடங்கைத் தொட்டால் உள்பக்கச் சக்கரம் எழும். டயர் கொடுப்பது 2 மடங்குதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கார் சாயும்போது நிறை மையமும் வெளிப்பக்கம் நகர்கிறது, மேட்டைத் தாண்டி இறங்கும்போது ஒரு நொடி டயர் கூடுதலாக அழுந்துகிறது, ஊசி ஒன்று விளிம்பில் மாட்டுகிறது. மிச்சமிருந்த 0.6 கரைந்துபோகும். ஆகவே கார்பெட் காரைத் தரையோடு ஒட்டவைக்கிறார்கள். மண்ணில் அடித்தகட்டுக்கும் தரைக்கும் 22, 23 மி.மீ இடைவெளி விடுபவர்கள் இங்கே 16, 17 விடுகிறார்கள். நிறை மையம் 34க்கு இறங்கினால் கவிழும் எல்லை 3.1க்குப் போகிறது. ஸ்பிரிங் கெட்டியாகிறது, அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் குட்டையாகிறது. கியர்பாக்ஸையே படுக்கவைத்து மோட்டாரைக் கீழே இறக்குகிறார்கள். மண்ணிலோ கார் கொஞ்சம் உயரமாக இருந்து, சாய்ந்து, மேடு பள்ளத்தை விழுங்க வேண்டும். இரண்டு தேவையும் ஒன்றுக்கொன்று எதிர்.

ஆக மகன் சொல்வது பொய்யில்லை.

ஆனால் களத்தில் சொல்லப்படும் எல்லாமே உண்மையும் இல்லை. கியர்பாக்ஸில் பல்சக்கரம் மூன்றா நான்கா என்பதைப் பொறுத்து மோட்டார் சுற்றும் திசை மாறும். சக்கரத்தின் திசையிலேயே மோட்டார் சுற்றினால் அதன் எதிர்விசை பின்பக்கத்தை அழுத்தும், மண்ணுக்கு அதுதான் நல்லது என்று அடித்துச் சொல்வார்கள். திசை பற்றிய தத்துவம் சரிதான். ஆனால் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மோட்டாருக்குள் சுழலும் காந்தத்தண்டு சுமார் 30 கிராம், குறுக்களவு 12.5 மி.மீ. சக்கரத்தைவிட எட்டு மடங்கு வேகமாகச் சுற்றுவதாகக் கொண்டு கணக்கிட்டால், மண்ணில் டயர் வழுக்காமல் பாயும் காரில் இரு திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. மோட்டாரின் இடம் மாறினால் 49 கிராம், திசை மாறினால் ஒரு கிராம். பல்சக்கரம் ஒன்று கூடும்போது மோட்டாரும் சற்று நகர்கிறது, ஓட்டுபவர்கள் உணரும் மாற்றம் பெரும்பாலும் அங்கிருந்து வரும் என்பது என் எண்ணம். சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்கூட அளந்து பார்க்காத ஒன்றை நம்பிப் பணம் செலவழிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அளப்பதற்குத் தராசு போதும்.

இனி பணம். உலகத்தரமான கிட் (நாமே பூட்டிக் கட்ட வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) ஒன்று 300 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது, 400ஐத் தாண்டுவதும் உண்டு. அதில் மோட்டார் இருக்காது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ, ரேடியோ, பேட்டரி, சார்ஜர் எதுவும் இருக்காது. பல பெட்டிகளில் டயர்கூட இருக்காது. எலக்ட்ரானிக்ஸைக் கழற்றி இன்னொரு காரில் மாட்டலாம், ஆனால் பந்தயத்துக்கு முந்தின இரவு அதைச் செய்யச் சலிப்பாகி, இரண்டாவது செட்டும் வாங்கிவிடுவார்கள். டயர் தேய்ந்துகொண்டே இருக்கும், அந்தச் செலவு மட்டும் ஓய்வதே இல்லை.

2010களின் தொடக்கத்தில் வந்த டி.எல்.ஆர். 22 என்ற காரை ஒரே பெட்டியில் உள்ள பாகங்களை வைத்து நடு மோட்டாராகவும் கட்டலாம், பின் மோட்டாராகவும் கட்டலாம். அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. பிறகு அதே வரிசையில் மண்ணுக்கும் களிமண்ணுக்கும் ஒன்று, செயற்கைப் புல்லுக்கும் கார்பெட்டுக்கும் ஒன்று என்று பிரித்தார்கள். அசோசியேட்டட் 2016இல் பி6, பி6டி என்று இரண்டு விட்டது. ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே எக்ஸ்பி2 காருக்கும் கார்பெட் பதிப்பு, மண் பதிப்பு உண்டு. பெட்டியிலிருந்தே எடுத்து ஓட்டலாம் என்பது புதியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இந்த ஜோடிகளில் பெரும்பாலான பாகங்கள் பொது. வேறுபடுவது முக்கியமாக அடித்தகடு, கியர்பாக்ஸ், ஷாக் தாங்கிகள், ஸ்பிரிங் போன்ற சில. அவற்றை மட்டும் ஒரு பொட்டலமாக, நியாய விலைக்கு, ஒவ்வொரு மாடலுக்கும் கட்டாயம் விற்க வேண்டும். பதினான்கு வயதுப் பையன்களின் அப்பாக்களை இரண்டு முழு கிட் வாங்கவைத்தால் இந்த விளையாட்டில் பணக்காரப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

வாசகருக்கு என் யோசனை. புதுக் கார் வேண்டாம், முதலில் மண் டயர் ஒரு செட் மட்டும் வாங்குங்கள். மென்மையான ஸ்பிரிங் போட்டு, அடித்தகட்டை 22 மி.மீட்டருக்கு உயர்த்தச் சொல்லுங்கள். பிறகு பின் சக்கரங்களைச் சமையலறைத் தராசில் ஏற்றுங்கள், முன் சக்கரங்களுக்குக் கீழே தராசின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்கள், கார் மட்டமாக நிற்க வேண்டும். பேட்டரியை 25 மி.மீ பின்னுக்குத் தள்ளினால் சுமார் 18 கிராம் ஏறும். பின் அச்சுக்கு நேர் கீழே 30 கிராம் பித்தளைத் தகடு வைத்தால் அப்படியே 30. மொத்தம் 48. மோட்டாரையே பின்னால் கொண்டுபோனால் கிடைக்கும் 49க்கு ஒரு கிராம்தான் குறைவு. இரண்டு மூன்று பந்தயங்கள் இப்படி ஓடட்டும். அதற்கு மேலும் அவனுக்கு மண்தான் பிடிக்கிறது என்றால், பழைய மண் பதிப்பு ஒன்றைக் கிளப்பிலேயே யாராவது விற்பார்கள். அதையும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.